கழிமுகத்துக்கு இறங்கி வரும் ஆற்று மீன்: ஆஸ்திரேலியன் பாஸும் அதைப் பிடிக்கும் முறையும்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் மே 1 முதல் ஆகஸ்ட் 31 வரை ஆறுகளிலும் கழிமுகங்களிலும் ஆஸ்திரேலியன் பாஸ் மீனை ஒன்றுகூட வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. தவறிப் பிடிபட்டாலும் உடனே தண்ணீரில் விட்டுவிட வேண்டும். ஆனால் அதே நான்கு மாதங்களில் அணைகளின் நீர்த்தேக்கங்களில் இந்தத் தடை கிடையாது. ஒரே மீனுக்கு ஆற்றில் ஒரு சட்டம், அணையில் வேறு சட்டம். இது ஏன் என்று புரிந்துகொண்டால், இந்த மீனை எந்த மாதத்தில் எங்கே தேடுவது, எப்படிப் பிடிப்பது, எதைத் திரும்ப விடுவது என்பதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

காரணம் உப்பு. பாஸ் நன்னீரில் வாழும் மீன். ஆனால் நன்னீரில் அதற்கு இனப்பெருக்கம் நடக்காது. குளிர்காலத்தில் (அங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை) அது ஆற்றோடு இறங்கி, கடல் ஏற்றத்தில் உப்பும் நன்னீரும் கலக்கும் கழிமுகத்துக்கு வந்துதான் முட்டையிடும். கடல் நீரில் இருக்கும் உப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருக்கிற உவர்நீர் அதற்குத் தேவை. நல்ல தண்ணீரில் ஆண் மீனின் விந்தணு அசையவே அசையாது; உப்பு பட்டால்தான் உயிர்பெற்று நீந்தும். நம் ஊர்க் கொடுவாவும் இதே பழக்கமுள்ள மீன்தான். ஆற்றிலும் காயலிலும் வளர்ந்து, முட்டையிட முகத்துவாரத்துக்குப் போகும். (அந்தக் கொடுவாவைத்தான் ஆஸ்திரேலியாவின் வடக்கே பாரமுண்டி என்கிறார்கள்.) ஒரு வேறுபாடு உண்டு. கொடுவா ஆணாக முதிர்ந்து, பிறகு பெண்ணாக மாறும். பாஸில் ஆண் கடைசிவரை ஆண், பெண் கடைசிவரை பெண்.

அறிவியலில் இதற்குப் பெர்கலேட்ஸ் நோவமாகுலியாட்டா என்று பெயர். நெடுங்காலம் மக்குவாரியா என்ற பேரினத்தில் வைத்திருந்தார்கள். மரபணு ஆய்வுக்குப் பிறகு பழைய பெர்கலேட்ஸ் பெயரே திரும்பி வந்துவிட்டது. அமெரிக்காவின் லார்ஜ்மவுத் பாஸுக்கும் இதற்கும் பெயரைத் தவிர உறவில்லை. குயின்ஸ்லாந்தின் மேரி ஆற்றுப் பக்கத்திலிருந்து விக்டோரியாவின் வில்சன்ஸ் புராமண்டரி வரை, கிழக்கு மலைத்தொடரிலிருந்து கடலுக்கு ஓடிவரும் ஆறுகள்தான் இதன் தாயகம். கிளாரன்ஸ், ஹண்டர், ஹாக்ஸ்பரி-நெப்பியன், ஷோல்ஹேவன் ஆகியவை தூண்டில்காரர்கள் அடிக்கடி சொல்லும் பெயர்கள்.

உருவத்தில் நல்ல திடமான மீன். முதுகு ஆலிவ் பச்சையும் வெண்கலமும் கலந்த நிறம், வயிறு வெளிறியது, கண் பெரியது. ஆற்றில் சாதாரணமாகக் கிடைப்பது 20 முதல் 30 சென்டிமீட்டர், அரைக் கிலோவுக்குள்தான். ஆற்று பாஸ் ஒரு கிலோ இருந்தால் அது கொண்டாட வேண்டிய மீன். வடக்கு ஆறுகளில் 60 சென்டிமீட்டரும் மூன்று கிலோவும் எட்டிய மீன்கள் உண்டு, அரிதாக. வளர்ச்சி மிக மெதுவானது. ஆயுளோ நீளமானது: 47 வயது வரை வாழ்ந்த பாஸ் பதிவாகியிருக்கிறது. மெதுவான வளர்ச்சியும் நீண்ட ஆயுளும் சேர்ந்துதான் இந்த மீனின் கதையில் பெரிய சிக்கலை உண்டாக்கின. அதைப் பிறகு பார்ப்போம்.

கழிமுகத்தில் இதனோடு கலந்து திரியும் நெருங்கிய உறவு ஒன்று இருக்கிறது: எஸ்டுவரி பெர்ச். பிடித்தவுடன் பக்கவாட்டில் வைத்து முகத்தைப் பாருங்கள். மூக்கு நுனியிலிருந்து முதுகுத் துடுப்பு வரை கோடு நேராகவோ சற்றே மேடாகவோ போனால் பாஸ். கண்ணுக்கு மேலே உள்ளே குழிந்து, மூக்கு நீண்டு தெரிந்தால் பெர்ச். சட்டம் இரண்டையும் ஒன்றாகவே நடத்துவதால் இந்தக் குழப்பத்தால் அபராதம் வராது; ஆனால் பெர்ச் அதிகம் கிடைக்கிற இடத்தில் நின்றுகொண்டு பாஸ் தேடுவது நேர விரயம்.

ஆணும் பெண்ணும் ஆற்றைப் பங்கு போட்டுக்கொள்கின்றன

ஆண் மீன்கள் சிறியவை. இரண்டு முதல் நான்கு வயதுக்குள் முதிர்ந்துவிடும். அவை பெரும்பாலும் ஆற்றின் கீழ்ப்பகுதியிலும் கடல் ஏற்றம் எட்டும் எல்லையிலும் தங்கிவிடுகின்றன. பெண் மீன்கள் ஐந்து ஆறு வயதில் முதிர்கின்றன. அவைதான் மலை அடிவாரம் வரை ஏறிப் போகின்றன. ஆகவே மேல் ஆற்றுக் கசத்தில் (ஆழமான மடுவில்) 35 சென்டிமீட்டருக்கு மேல் ஒரு பாஸ் பிடிபட்டால், அது அநேகமாகப் பெண். வயது பத்தைத் தாண்டியிருக்கவும் கூடும். ஒவ்வொரு குளிர்காலமும் லட்சக்கணக்கில் முட்டையிடும் மீன் அது. நியூ சவுத் வேல்ஸ் விதி ஒருவருக்கு நாளொன்றுக்கு இரண்டு மீன், கையிருப்பில் நான்கு. ஆற்றில் எடுப்பதில் ஒன்று மட்டுமே 35 சென்டிமீட்டரைத் தாண்டலாம் என்கிறது. அந்த ஒன்றையும் விட்டுவிடுவதே சரி என்பது நம் கருத்து. சாப்பிடத்தான் வேண்டும் என்றால் 30 சென்டிமீட்டருக்குள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 18 வயதைத் தாண்டியவர்கள், சில விலக்குகள் தவிர, மீன்பிடிக் கட்டணம் செலுத்திய ரசீதையும் கையில் வைத்திருக்க வேண்டும்.

இறங்குவதற்குச் சைகை தருவது மழை. இலையுதிர் காலக் கடைசியிலும் குளிர்காலத்திலும் ஆற்றில் வெள்ளம் ஓடினால் மேலே இருக்கும் பெண் மீன்கள் கூட்டமாக இறங்கும். வறட்சி ஆண்டில் பல இறங்குவதே இல்லை. எனவே நல்ல மழை பெய்த குளிர்காலத்தில் பிறந்த குஞ்சுகள் பெருந்தொகையாகவும், வறண்ட ஆண்டுக் குஞ்சுகள் மிகக் குறைவாகவும் ஓர் ஆற்றில் இருக்கும். நீண்ட ஆயுள் என்பது இதற்கு இயற்கை செய்துவைத்த ஏற்பாடு: சில ஆண்டு வறட்சியைப் பொறுத்திருந்து, அடுத்த வெள்ளத்தில் முட்டையிட்டுக்கொள்ளலாம்.

மாதமும் இடமும்

செப்டம்பர் 1-இல் தடை நீங்கும்போது மீன் இன்னும் கீழேதான் இருக்கிறது. முட்டையிட்டு மெலிந்து, பசியோடு மேலே திரும்பிக்கொண்டிருக்கும். செப்டம்பர், அக்டோபரில் கடல் ஏற்றத்தின் எல்லையைச் சுற்றியுள்ள பாறைத் திட்டுகள், நீர்ப்பாசிப் பரப்பின் விளிம்புகள், தண்ணீர் கற்களில் சலசலத்து ஓடும் முதல் இடத்துக்குக் கீழுள்ள கசங்கள் ஆகியவற்றில் தேட வேண்டும். தண்ணீர் இன்னும் சில்லென்று இருப்பதால் இரையை மெதுவாக, தரையை ஒட்டி இழுக்க வேண்டும். இந்த மாதங்களில் மேல் ஆற்றுக்குப் போய் வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் ஏராளம். மீன் அங்கே இன்னும் வந்து சேரவில்லை என்பதே காரணம்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை மீன் ஆறு முழுக்கப் பரவியிருக்கும். இதுதான் நீர்மட்டத்தில் பிடிக்கும் காலம். மார்ச், ஏப்ரலில் மீன் கொழுப்புச் சேர்க்க ஓயாமல் தின்னும்; மழை பெய்யப் பெய்ய ஆழமான கசங்களுக்கு நகர்ந்து இறங்கத் தொடங்கும்.

கோடைப் பகலில் பாஸ் வெயிலில் நிற்காது. தண்ணீரில் சாய்ந்து கிடக்கும் மரம், கரை குடைந்த வேர்ப்பொந்து, தண்ணீரைத் தொடும் கிளையின் நிழல், இவையே அதன் வீடு. இந்த ஆற்றங்கரைகளில் வரிசையாக நிற்பது நம் சவுக்கின் பங்காளி மரம். ஊசி இலையும் சின்னஞ்சிறு காயும் பார்த்தவுடன் அடையாளம் தெரியும். நவம்பருக்குப் பிறகு இந்த மரங்களில் சில்வண்டுகள் காது அடைக்கக் கத்தும். பிளாக் பிரின்ஸ் என்று ஊர்க்காரர்கள் அழைக்கும் கறுப்புச் சில்வண்டு குறிப்பாக ஆற்றுச் சவுக்கை விரும்பும். கிளையிலிருந்து தவறி விழும் வண்டு தண்ணீரில் இறக்கையை அடித்துச் சுற்றும். இரண்டு விநாடி போகும். பிறகு ‘பொளக்’ என்று ஒரு சத்தம், வண்டு இருந்த இடத்தில் வளையம் மட்டும் விரியும். சில்வண்டுச் சத்தம் எந்த வளைவில் அதிகமோ அந்த வளைவில்தான் முதல் வீச்சு.

கோல், நூல், பொய் இரை

கோல் ஆறு முதல் ஏழு அடி, 2 முதல் 4 கிலோ தாங்கும் நூலுக்கு ஏற்ற வகை. ரீல் 1000 முதல் 2500 அளவு. நூல் 6 முதல் 10 பவுண்டு பிரெய்டு (பின்னல் நூல்). அதன் நுனியில் ஒரு கோல் நீளத்துக்கு 8 முதல் 12 பவுண்டு லீடர் (இரையைக் கட்டும் தனி நுனி நூல்). மரக்கட்டை அடர்ந்த இடத்தில் 12 பவுண்டுக்குக் குறையாதீர்கள். அரைக் கிலோ மீனுக்கு இவ்வளவு ஏன் என்று தோன்றும். பாஸ் நிழலிலிருந்து பாய்ந்து இரையை வாங்கிய அதே வேகத்தில் திரும்பி வேருக்குள் நுழையும். முதல் இரண்டு விநாடியில் தடுக்காவிட்டால் நூல் கட்டையில் சுற்றிக்கொள்ளும், மீன் வாயில் முள்ளோடு போய்விடும். டிராகை (ரீல் நூலை விட்டுக்கொடுக்கும் இறுக்கத்தை) நூல் தாங்கும் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு இறுக்கிவைத்து, கோலைப் பக்கவாட்டில் சாய்த்து மீனை வெளிநீருக்கு இழுங்கள்.

லீடரில் ஒரு நுணுக்கம். புளூரோகார்பன் என்ற நூல் வகை தண்ணீரில் அமிழும். சிறிய மிதக்கும் இரையில் அதைக் கட்டினால் மூக்கைக் கீழே இழுத்து ஆட்டத்தைக் கெடுத்துவிடும். நீர்மட்ட இரைக்குச் சாதாரண நைலான் லீடர் போடுங்கள். அமிழும் இரைக்குப் புளூரோகார்பன். இரையோடு சேரும் இடத்தில் இறுக்கு முடிச்சைவிட வளைய முடிச்சு நல்லது, இரை தளையில்லாமல் ஆடும்.

பகலில் நிழலுக்குள் அனுப்ப 4, 5 சென்டிமீட்டர் மூழ்கும் லூர் (பொய் இரை), 7 முதல் 10 கிராம் ஸ்பின்னர்பெய்ட் (கம்பியில் சுழல் தகடு தொங்கும் இரை), இரண்டரை மூன்று அங்குல ரப்பர் மீன். கட்டைகளுக்குள் சிக்காமல் வருவதில் ஸ்பின்னர்பெய்ட்டை மிஞ்ச எதுவுமில்லை. தகட்டைச் சுமக்கும் கம்பி முள்ளுக்குக் கவசமாக நிற்கும். மூழ்கும் லூர் ஒரு பக்கமாகவே சாய்ந்து ஓடினால் லூர் கெட்டுப்போகவில்லை, மூக்கு வளையம் கோணியிருக்கிறது. எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் இடுக்கியால் மயிரிழை வளைத்தால் நேராகிவிடும்.

மாலை மங்கியதும் நீர்மட்ட இரை. ஜிட்டர்பக் என்ற பழைய அமெரிக்க இரையைப் பாஸ்காரர்கள் இன்றும் விடவில்லை. அதன் முகத்தில் உள்ள குழிந்த தகடு இப்படியும் அப்படியும் தண்ணீரைத் தள்ளி ‘பிளப் பிளப்’ என்று ஓசை கிளப்பும். சில்வண்டு வடிவ இரை, சுழல் வைத்த இரை, எல்லாமும் பிடிக்கும். இருட்டில் கறுப்பே சிறந்தது: கீழிருந்து வானத்தின் மங்கல் ஒளியைப் பார்க்கும் மீனுக்குக் கறுப்பு உருவம்தான் தெளிவாகத் தெரியும்.

வீசும் முறைதான் பாதி வெற்றி. இரை கிளையிலிருந்து ஒரு சாண் தள்ளி விழுந்தால் மீன் வரும், ஒரு மீட்டர் தள்ளி விழுந்தால் வராது என்ற அளவுக்குத் துல்லியம் வேண்டும். விழுந்ததும் இழுக்காதீர்கள். வளையங்கள் அடங்கட்டும். பிறகு ஒரு சிறு துடிப்பு, ஒரு நிறுத்தம். பெரும்பாலான தாக்குதல் நிழலை விட்டு முதல் ஒரு மீட்டருக்குள் நடந்துவிடும். அதைத் தாண்டினால் வேகமாகச் சுற்றி எடுத்து மறுபடி வீசுங்கள். ஓர் இடத்துக்கு மூன்று வீச்சு போதும். மீனின் முகம் நீரோட்டத்துக்கு எதிராக இருக்கும் என்பதால், படகில் போனால் கீழிருந்து மேலாக, கரையிலிருந்து 10 முதல் 15 மீட்டர் தள்ளிப் போங்கள். துடுப்பு படகில் மோதும் ‘டொக்’ ஓசை ஒரு கசத்தையே காலி செய்துவிடும்.

விரால் பிடிக்கத் தவளை லூர் போட்டவர்களுக்கு இங்கே ஒரு பாடம் ஏற்கெனவே தெரிந்திருக்கும்: சத்தம் கேட்டவுடன் சுண்டக் கூடாது. பாஸ் நீர்மட்டத்தில் வாயைத் திறந்து உறிஞ்சும்போதே பெரிய ஓசை வரும். இரை அப்போது வாய்க்குள் போயிருக்க வேண்டும் என்பதில்லை. அந்த நொடியில் சுண்டினால் இரை பறந்து முகத்துக்கு வரும், மூன்று முள்ளோடு. கோலில் எடை தெரிந்த பிறகே தூக்குங்கள். தவறவிட்டாலும் இரையை அங்கேயே கிடத்துங்கள். இரண்டாம் முறை அடிப்பது பாஸின் பழக்கம்.

பிடித்த பிறகு

செவுள் மூடியை ஒருமுறை கிட்டத்தில் பார்த்துவையுங்கள். பின் விளிம்பில் தட்டையான முள் ஒன்று இருக்கும். பார்க்கச் சாதாரண எலும்பு நுனிபோல் தெரியும், தொட்டால் சவர அலகு. மீன் துள்ளும்போது விரல் அங்கே இருந்தால் ஆழமாகக் கிழியும். லீடரையும் அதுதான் அறுக்கும். ஆகவே ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் லீடரின் கடைசி ஒரு சாணை விரலிடையில் உருவிப் பாருங்கள். சொரசொரப்பு தட்டினால் வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள். கட்டைவிரலால் கீழ்த்தாடையைப் பிடித்து, மறு கையால் வயிற்றைத் தாங்குவதே பத்திரமான பிடி. பெரிய மீனைத் தாடையில் மட்டும் தொங்கவிட்டால் அதன் தாடை இணைப்பு பழுதாகும்.

கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். முள்ளின் எதிர்நாக்கை இடுக்கியால் நசுக்கிவிட்டால் கழற்ற ஒரு நொடி போதும். முள்ளை விழுங்கியிருந்தால் தோண்டாதீர்கள். வாயருகே நூலை அறுத்து விடுங்கள், தோண்டுவதைவிட அப்படி விட்ட மீன் பிழைக்க வாய்ப்பு அதிகம்.

இதே ஆறுகளில் புல்ரவுட் என்ற மீனும் இருக்கிறது. குண்டான, புள்ளி போட்ட, கல்லோடு கல்லாகக் கிடக்கும் மீன். துடுப்பு முட்களில் விஷம். குத்தினால் தாங்க முடிந்த அளவு சூடான நீரில் கையை வைத்தால் வலி தணியும். பிறகு மருத்துவரிடம் போக வேண்டும். இறங்கி நடக்கிறவர்கள் தடித்த அடிப்பாகமுள்ள காலணி போடாமல் போகக் கூடாது. கடல் ஏற்றம் எட்டும் பகுதியில் ‘புல் ஷார்க்’ எனும் காளைச் சுறாவும் வரும் என்பதால் மாலையில் மார்பளவு நீரில் நிற்பது வேண்டாம்.

சுவர்கள்

முட்டையிட இறங்கி, மீண்டும் ஏறும் மீனுக்கு ஆறு ஒரே நீளமாகத் திறந்திருக்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டில் அது நடக்கவில்லை. ஷோல்ஹேவன் ஆற்றில் 1976-இல் டல்லோவா அணை எழுந்தது. சுமார் 43 மீட்டர் உயரம். அந்த ஆற்றில் பாஸ் வாழ்ந்த இடத்தில் 80 சதவீதத்துக்கு மேல் அந்தச் சுவருக்குப் பின்னால் போனது.

அணை கட்டிய மறு ஆண்டே மீன் மறைந்துவிடவில்லை என்பதுதான் இதில் ஏமாற்றும் விஷயம். மேலே மாட்டிக்கொண்ட பெண் மீன்கள் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தன, வளர்ந்தன. அத்தகைய இடத்தில் தூண்டில் போடுகிறவருக்குப் பெரிய பெரிய மீனாகக் கிடைக்கும். ஆறு செழிப்பாக இருப்பதாகவே தோன்றும். குஞ்சு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை என்பதை யார் கவனிப்பார்கள்? கடைசிக் கிழடு செத்த பிறகுதான் வெறுமை தெரியும். எனவே ஓர் ஆற்றின் நிலையைச் சொல்வது பெரிய மீனின் நீளம் அல்ல, 10, 15 சென்டிமீட்டர் பொடிகள் இருக்கின்றனவா என்பதே. பொடி மீன் கிடைத்தால் சலித்துக்கொள்ளாதீர்கள். கீழிருந்து வழி திறந்திருக்கிறது என்பதற்கு அதுவே சான்று.

டல்லோவாவில் 2009-இல் மீன் தூக்கி ஒன்று அமைத்தார்கள். அணை அடியில் தண்ணீரைப் பாய்ச்சி மீனை ஒரு தொட்டிக்குள் ஈர்த்து, தொட்டியை அப்படியே சுவருக்கு மேலே தூக்கி, மறுபுறம் நீர்த்தேக்கத்தில் விடும் ஏற்பாடு. சிறிய தடுப்பணைகளுக்கு இவ்வளவு பெரிய வேலை வேண்டாம். காங்கிரீட் வாய்க்காலில் இடைவெளி விட்ட சுவர்களை அடுத்தடுத்து எழுப்பினால், ஒரு சாண்கூட இல்லாத சிறுசிறு படிகளாக மீன் ஏறிவிடும். பாஸ் குதித்துத் தாண்டும் மீன் இல்லை, நீந்தித்தான் ஏறும். அரை மீட்டர் உயரச் சாலைப் பாலத்துக் குழாய்கூட, பெருவெள்ளம் மூடும்வரை, அதற்கு அணைதான்.

நீர்த்தேக்கங்களில் இருக்கும் பாஸ் பெரும்பாலும் பொரிப்பகத்திலிருந்து வந்தவை. தாய்மீனுக்கு ஹார்மோன் ஊசி போட்டு, உவர்நீரில் பொரிக்கவைத்து, ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிர்களை ஊட்டி வளர்த்து, விரல் நீளமானதும் கொண்டுவந்து விடுகிறார்கள். கிளென்பான், செயின்ட் கிளேர் போன்ற தேக்கங்களில் அவை ஆற்று மீனைவிட வேகமாகக் கொழுக்கின்றன. ஆனால் குஞ்சு விடுவதை நிறுத்தினால் அந்தத் தேக்கத்தில் பாஸ் ஒரு தலைமுறையோடு முடிந்துவிடும். அங்கே மே மாதத்தில் தடை போட்டுக் காக்க முட்டையிடுதல் என்ற ஒன்றே நடப்பதில்லை. சட்டம் இரண்டாகப் பிரிந்ததன் காரணம் இதுதான்.

அந்த மீன்களின் உடம்புக்கு மட்டும் அது தெரியாது. குளிர்காலம் வந்ததும் தேக்கத்துப் பெண் மீன்களுக்கும் சினை பிடிக்கிறது. அவை கூட்டமாகக் கீழ்நோக்கி நகர்ந்து அணைச் சுவரருகே ஆழத்தில் வந்து நிற்கின்றன. படகிலுள்ள சோனார் திரையில் சுவரை ஒட்டி அடர்ந்த மேகம்போல் தெரிவது அந்தக் கூட்டம். அங்கே பிடிபடும் மீனின் வயிறு உப்பியிருந்தால் படம் எடுக்கத் தாமதிக்காமல் உடனே விடுங்கள். ஆழத்திலிருந்து ஏறியதால் காற்றுப்பை விரிந்திருக்கும், நேரம் போகப் போக அதனால் திரும்ப அமிழ முடியாது. வசந்தம் வரும்வரை அவை சுவரருகே நிற்கும். உப்பு வராது. சினை உடம்புக்குள்ளேயே கரையும். செப்டம்பரில் கூட்டம் கலைந்து மேட்டுக் கரைகளுக்குத் திரும்பும்.